தலையும் வாலும்

இலவசமாகக் கிடைக்கும் வீடியோ எடிட்டிங் மென்பொருள்களில் எது நல்லது என்று குழுவில் கேட்டிருந்தீர்கள். வியாபாரத்துக்கு இல்லை, வீட்டு உபயோகத்துக்குத்தான், குழந்தை நடக்கப் பழகிய துண்டுகளைக் கோத்து உறவினர்களுக்கு அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். இதுவரை பதினேழு பேர் பதில் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒன்பது பேர் தங்களுக்குள் சண்டை போட ஆரம்பித்துவிட்டதால் உங்கள் கேள்வி அம்போவென்று நிற்கிறது. அதனால் தனியாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். எனக்கு மதியத்துக்கு மேல் வேலை கிடையாது.

பார்சல் அலுவலகத்தில் முகவரி சரிபார்ப்பவன் நான். எழுத்து அழிந்த பார்சல், வீட்டு எண் மாறிய பார்சல் எல்லாம் என் மேஜைக்கு வரும். யாருக்குப் போக வேண்டியது என்று துருவித் துருவிக் கண்டுபிடித்து அனுப்புவேன். பதினான்கு வருடத்தில் ஒன்றுகூடத் தவறான வீட்டுக்குப் போனதில்லை. வயது நாற்பத்தொன்று. கல்யாணம் என்ற தொந்தரவுக்குப் போகவில்லை. அக்காவோடு இருக்கிறேன்.

அக்கா என்னைவிட மூன்று வயது பெரியவள். பல் செட் செய்யும் லேபில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் மாவு அச்சை எதிரில் வைத்துக்கொண்டு, முகமே பார்த்திராத ஆட்களுக்கு மெழுகில் பல் வரிசை அடுக்குவாள். ரொம்பப் பொறுமையான கை. என் சட்டைக் காலர் மொடமொடவென்று நிற்பதும் அந்தக் கையால்தான். காலையில் நான் எழுந்து வரும்போது முட்டை சரியாக ஆறு நிமிடம் வெந்து உரித்துத் தட்டில் இருக்கும். மஞ்சள் கரு கெட்டியாகவும் இருக்காது, வழியவும் வழியாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு குறை சொல்கிறேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது.

அந்த லேபின் முதலாளியம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் இருந்தார். லிஃப்ட் மெக்கானிக். ரயிலில் எட்டு மணி நேரத் தொலைவில் வேறொரு ஊர். மனைவி தவறி ஐந்து வருடம், குழந்தை இல்லை. முதலாளியம்மா அவரிடம் அக்காவைப் பற்றிச் சொன்னார், அக்காவிடம் அவரைப் பற்றிச் சொன்னார். இரண்டு பேருமே வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அது பெரிய செய்தி.

அக்காவுக்குப் போனில் பேச வராது. அவருக்கோ லிஃப்ட் குழிக்குள் சிக்னல் வராது. அவர்கள் முதன்முதலாகப் பேசியதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். மொத்தம் நான்கு 'ம்', அதில் மூன்று அக்காவுடையது. இது தேறாது என்று பார்த்த முதலாளியம்மா ஒரு யோசனை சொன்னார். வாரம் ஒரு வீடியோ. தன் வீடு, தன் வேலை, மனதில் தோன்றுவது என்று ஆளுக்கொன்று எடுத்து அனுப்பிக்கொள்ளட்டும். மூன்று மாதம் போனால் நேரில் பார்க்கலாம். அக்காவிடம் இருப்பது பட்டன் போன். ஆகவே போகிற வீடியோ, வருகிற வீடியோ இரண்டுமே என் மடிக்கணினி வழியாகத்தான். லிஃப்ட்காரரே எனக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டார்.

"தம்பி, நான் பேச ஆரம்பிச்சா நீட்டி முழக்கிடுவேன். தேவையில்லாதத நீங்களே வெட்டிட்டு அக்காகிட்ட காட்டுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

இப்படித்தான் எனக்கும் ஒரு மென்பொருள் தேவைப்பட்டது.

மூன்றை முயன்று பார்த்தேன். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் அந்தப் பதினேழு பேரும் இங்கேயும் வந்துவிடுவார்கள். முதலாவது பார்க்க லட்சணமாக இருந்தது, ஆனால் முடித்த படத்தில் தன் பெயரை நட்டநடுவில் குத்திவிடும். அக்காவின் நெற்றியில் ஒரு கம்பெனிப் பெயர் நின்றது. இரண்டாவது பெரிய பெரிய ஆட்கள் உபயோகிப்பது என்றார்கள். திறந்ததும் என் மடிக்கணினியின் விசிறி போட்ட கூச்சலில் அக்கா சமையலறையிலிருந்து ஓடிவந்து "என்னடா எரியுது?" என்றாள். மூன்றாவதுதான் தோதாக அமைந்தது. பெயரைக் குத்தாது, கூச்சல் போடாது, சொன்னதைச் சட்டென்று செய்யும். ஒரே ஒரு குறை, இலவசப் பதிப்பில் மூன்று நிமிடத்துக்கு மேற்பட்ட படத்தை வெளியே எடுக்க விடாது. நீங்கள் இதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிறத்தியார் குழந்தையை யாரும் மூன்று நிமிடத்துக்கு மேல் பார்க்க மாட்டார்கள்.

வேலை கற்றுக்கொள்கிறவர்களுக்கு முதல் பாடம், எந்த வீடியோவுக்கும் தலையும் வாலும் குப்பை. நீங்கள் பொத்தானை அழுத்திய பிறகுதான் ஆட்கள் தலையைக் கோதுவார்கள், இருமுவார்கள், "ஆன் பண்ணிட்டியா?" என்பார்கள். பேசி முடித்த பிறகு "போதுமா?" என்று கேட்டு முகத்தைச் சுளிப்பார்கள். இந்த இரண்டையும் வெட்டி எறிந்துவிட்டு நடுப்பகுதியை வைத்துக்கொள்ள வேண்டும்.

அக்காவின் முதல் வீடியோவை லேபில் வைத்து நான்தான் எடுத்தேன். பத்தொன்பது நிமிடம். தொடங்கும்போது, "வேணாம்டா, எனக்கு இதெல்லாம் பிடிக்கவே இல்ல" என்று தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள். முடிக்கும்போது, "நிறுத்துடா, போதும். யாரு பாக்கப்போறா இத" என்றாள். நடுவில் பிரமாதமாகப் பேசினாள். பல் வரிசையை ரொம்ப ஒழுங்காக அடுக்கினால் பொய்ப் பல் என்று காட்டிக்கொடுத்துவிடுமாம், எங்காவது ஒன்றை ஒரு மயிரிழை திருப்பி வைக்க வேண்டுமாம். நாலு மணிக்கு மேல் வெளிச்சம் போதாமல் கண் பூத்துப்போகிறது என்றாள். "ஆனா ஒண்ணு, யாரோ ஒருத்தர் எங்கயோ உக்காந்து இத வச்சு நல்லா கடிச்சுச் சாப்பிடுவார் இல்ல, அத நினைச்சுப்பேன்" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கே தெரியாத விஷயங்கள்.

வெட்டும்போதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்கிற தவறைச் செய்தேன். இரண்டு இடத்தில் வெட்டினேன், ஆனால் அழிக்கும்போது தேர்வு நடுத்துண்டின் மேல் இருந்துவிட்டது. பத்தொன்பது நிமிடமும் போய்த் தலையும் வாலும் மிஞ்சின. நான் தேர்ந்தெடுத்த மென்பொருள் கெட்டிக்காரத்தனமானது, இடைவெளி விழுந்தால் தானே இழுத்து ஒட்டிவிடும். ஓட்டிப் பார்த்தேன். அக்கா தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு, "எனக்கு இதெல்லாம் பிடிக்கவே இல்ல. நிறுத்துடா, போதும். யாரு பாக்கப்போறா இத" என்றாள். பதினான்கு நொடி. வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் தவறைத் திருத்தி நல்ல மூன்று நிமிடத்தை எடுத்து அனுப்பினேன். முதல் வாரம் நான் யோக்கியன்தான், அதை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம்.

அவரிடமிருந்து பதில் வந்தது. இருபத்து மூன்று நிமிடம். அதையும் ஒழுங்காகவே வெட்டினேன். லிஃப்ட் குழிக்கு மேல் குந்தியிருந்து பேசினார். "நீங்க முகம் பாக்காம பல் செய்றீங்க. நான் ஆட்களோட உச்சந்தலைய மட்டும்தான் பாக்கறேன். இந்த ஊர்ல யார் யாருக்கு வழுக்க விழ ஆரம்பிச்சிருக்குன்னு அவங்களுக்கு முன்னாடி எனக்குத் தெரியும்" என்றார். அக்கா சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "இன்னொரு தடவ போடுடா" என்றாள். நான்கு தடவை போட்டேன்.

மறுநாள் காலை முட்டை கல்லாக இருந்தது. காலர் தொங்கியது. நான் முட்டையைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

இரண்டாவது வாரம் ஒரே ஒரு வெட்டுதான். அக்கா ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுச் சிரிப்பாள் இல்லையா, அந்தச் சிரிப்பை மட்டும் எடுத்துவிட்டேன். வாக்கியத்தைத் தொடவில்லை. "நீங்க அவ்ளோ உயரத்துல நின்னு பேசறது எனக்கு ஒண்ணும் பெருசா தெரியல" என்பது சிரிப்போடு வந்தால் கேலி, சிரிப்பில்லாமல் வந்தால் வேறு. ஒரு பயிற்சிக்காகத்தான் செய்தேன். இங்கே உங்களுக்கு உபயோகமான ஒரு குறிப்பு. வெட்டிய இடத்தில் சத்தம் எகிறிக் குதிக்கும். அதே அறையில் யாரும் பேசாமல் இருந்த சில நொடிகளின் ஓசையை எடுத்து அடியில் ஓடவிட்டால் காதுக்குத் தெரியாது. முகம் குதித்தால் நடுவில் ஒரு ஜன்னலைக் காட்டுங்கள், இல்லை கையைக் காட்டுங்கள்.

மூன்றாவது வாரம் ஒரு புறா உதவிக்கு வந்தது. லிஃப்ட்காரர் படம் பிடிக்க வேறொரு போனை எதிரில் நிறுத்திவிட்டு, அக்காவின் வீடியோவைத் தன் போனில் பார்த்துக்கொண்டே பேசிக்கொண்டிருக்கும்போது இயந்திர அறைக்குள் புறா ஒன்று நுழைந்துவிட்டது. அதைப் பார்த்து, "சனியனே, எத்தன தடவ துரத்தறது. உனக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்றார். புறாவை எடுத்துவிட்டேன். அவர் கையில் போன் இருந்தது, போனில் அக்கா இருந்தாள். அக்கா பார்த்துவிட்டு எழுந்து போனாள். இன்னொரு தடவை போடச் சொல்லவில்லை.

அந்த வாரத்து வீடியோவில் அவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "தம்பியத் தனியா விட்டுட்டு வர உங்களுக்கு மனசு வராதுன்னு உங்க முதலாளியம்மா சொன்னாங்க. அவரும் நம்மகூடவே வந்துடட்டும். பின்பக்கம் ஒரு ரூம் சும்மா கிடக்கு. இங்க எங்க கம்பெனியிலயே ஸ்டோர்ல ஆள் தேடறாங்க, காலைல எட்டுல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும்." நல்ல மனிதர்தான், நான் மறுக்கவில்லை. அந்த அறையையும் காட்டினார். சிறியது. ஜன்னல் வடக்குப் பக்கம். யோசித்துப் பார்த்தேன், எட்டிலிருந்து ஆறு என்றால் பத்து மணி நேரம். மூன்று நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் அடக்க முடியாது என்பதால் அந்தப் பகுதியை விட வேண்டியதாயிற்று.

ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எந்த வீடியோவிலும் ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்கவில்லை. குரலை மாற்றவில்லை. அவர் சொன்னதைத்தான் அக்கா கேட்டாள், அக்கா சொன்னதைத்தான் அவர் கேட்டார். நடுப்பகுதியில் எல்லோரும் கேமராவுக்காகத்தான் பேசுகிறார்கள். தலையிலும் வாலிலும்தான் ஆட்கள் தாங்களாக இருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் நான் கொடுத்ததுதான் நிஜம். இதை நான் சாக்குக்காகச் சொல்லவில்லை, கொஞ்சநாள் வெட்டிப் பழகினால் உங்களுக்கே புரியும்.

ஐந்தாவது வாரம் அக்கா அவரிடம் ஒரு கேள்வி கேட்டாள். கேட்பதற்கு முன் இரண்டு நாள் வீட்டுக்குள் நடந்து நடந்து ஒத்திகை பார்த்தாள். "போனவங்கள நினைச்சா இன்னும் கஷ்டமா இருக்கா? இருந்தா தப்பில்ல. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்னுதான்." இதை மட்டும் வெட்டாமல் அப்படியே அனுப்பினேன்.

அவர் பதினோரு நிமிடம் பதில் சொன்னார். மனைவியின் கடைசி மாதங்களைப் பற்றிச் சொன்னார். லிஃப்ட்டில் தனியாகப் போகும்போது மட்டும் அழுவாராம், கதவு திறப்பதற்குள் துடைத்துக்கொள்வாராம். "உங்க முதல் வீடியோ வந்ததுக்கு அப்புறம் ஒரு நாள் தரைத்தளத்துல இருந்து ஒன்பதாவது மாடி வரைக்கும் சிரிச்சுட்டே போனேன். அவளுக்கு உங்களப் பிடிச்சிருக்கும்" என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "இந்த அழுகையெல்லாம் வேணாம், இத விட்டுடலாம். கட் பண்ணிடுங்க தம்பி" என்றார்.

அவர் கேட்டுக்கொண்டபடி கட் பண்ணினேன். அக்கா பார்த்தது இவ்வளவுதான்: ஒரு மனிதர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத விட்டுடலாம்" என்கிறார். பிறகு ஒரு ஜன்னல். பிறகு, அடுத்த வாரம் வேலை அதிகம் என்கிறார்.

வரம்புதானே காரணம், மூன்று நிமிடத்தில் பாவம் இவன் என்ன செய்வான் என்று நீங்கள் நினைக்கலாம். நல்ல மனசு உங்களுக்கு. அந்த வரம்பு, மின்னஞ்சல் முகவரி கொடுத்துப் பதிவு செய்துகொண்டால் நீங்கிவிடும். அதுவும் இலவசம்தான். நான் இரண்டாம் நாளே பதிவு செய்துவிட்டேன். நீங்களும் செய்துகொள்ளுங்கள், தேவையில்லாத கடிதங்கள் எதுவும் வருவதில்லை.

அக்கா மடிக்கணினியை மூடிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நல்லவேளைடா. நேர்ல வந்திருந்தா நாலு வார்த்த நல்லா பேசி என்னைய மயக்கியிருப்பாரு. வீடியோங்கறதால ஆளு எப்படின்னு தெரிஞ்சுபோச்சு. உனக்குத்தான் பாவம், வாரா வாரம் எவ்ளோ வேல."

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா."

"முதல் வீடியோவுல மட்டும் ஏன் அப்படி இருந்தாரு?"

"முதல்ல எல்லாரும் அப்படித்தான்க்கா."

முதலாளியம்மாவுக்கு அந்த மூன்று நிமிடத்தைக் காட்டினேன். அக்காவுக்காக அவருக்கு ரத்தம் கொதித்து, ஒன்றுவிட்ட தம்பி என்றும் பாராமல் அவர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். முட்டை ஆறு நிமிடத்துக்குத் திரும்பியது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு மதியம் அழைப்பு மணி அடித்தது. லிஃப்ட்காரர் நின்றிருந்தார். படத்தில் தெரிந்ததைவிடக் குட்டை. கையில் நீளமான அட்டைப்பெட்டி. நான்கு மாடி ஏறி வந்த மூச்சு வாங்கல்.

"உங்க லிஃப்ட்டுக்குக் கதவு உருளை தேஞ்சுபோச்சு தம்பி, அதான் நடுவுல நிக்குது. யாரும் கவனிக்கறதில்லையா?" என்றார். பிறகு, "அக்கா இல்லையா?" என்றார்.

"வேலைக்குப் போயிருக்காங்க சார்."

"அஞ்சு நிமிஷம் பாத்துட்டுப் போயிடறேன். பிடிக்கலைன்னா நேர்ல சொல்லிடட்டும், கேட்டுக்கறேன். அவங்க முதல்ல பேசினதுக்கும் அப்புறம் பேசினதுக்கும் என்னால முடிச்சுப் போட முடியல."

உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். நியாயமான கேள்விதான். ஆனால் அக்கா ஆறு மணிக்கு வந்துவிடுவாள், அவர் கிளம்பும் ரயில் ஏழுக்கு. இப்படி ஒரு நாள் வரும் என்று நான் ஏற்கெனவே ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஐந்து வாரத்துத் தலைகளும் வால்களும் சேர்த்து நாற்பது நொடி. "நீங்க வந்தா காட்டச் சொல்லி அக்கா கொடுத்துட்டுப் போனாங்க" என்று மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன். அக்கா எனக்கு இதெல்லாம் பிடிக்கவே இல்லை என்றாள். அக்கா நிறுத்து என்றாள். அக்கா லேபின் கதவைச் சாத்தினாள். அன்று காற்று அதிகம், அதனால் சாத்தினாள்.

அவர் இரண்டு தடவை பார்த்தார். பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரொம்ப சுத்தமா பண்ணியிருக்கீங்க தம்பி. ஒரு இடத்துலகூட ஒட்டு தெரியல."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்த மென்பொருளைப் பற்றி இதைவிட நல்ல சான்று உங்களுக்குக் கிடைக்காது, அதுவும் இயந்திரம் தெரிந்த ஒருவரிடமிருந்து. அவர் எழுந்தார். அட்டைப்பெட்டியை மேஜையில் வைத்தார்.

"கண்ணு பூத்துப்போகுதுன்னாங்களேன்னு ஒரு விளக்கு. கழுத்த வளைச்சு எந்தப் பக்கம் வேணாலும் திருப்பிக்கலாம். நான் கொடுத்தேன்னு சொல்ல வேணாம்." வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பாமலே சொன்னார். "அந்த ரூம் உங்களுக்காகத்தான் வெள்ளையடிச்சேன் தம்பி. அத மட்டுமாவது அவங்ககிட்ட காட்டியிருக்கலாம்."

போகும்போது இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. அன்றிலிருந்து எங்கள் லிஃப்ட் நிற்காமல் போகிறது.

நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன். அவர் கொடுத்தார் என்று சொல்லவில்லை. அக்கா வந்து பெட்டியைத் திறந்ததும், "எனக்குன்னு யோசிச்சு வாங்கினியாடா?" என்று கேட்டாள். நாற்பத்துநான்கு வயதில் தனக்கென்று ஒருவர் யோசித்து வாங்கிய பொருள் அவளுக்கு அதுதான் முதல். நான் தலையாட்டினேன். அவள் விளக்கைப் போட்டு, அணைத்து, கழுத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி, நெடுநேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அவரு முதல்ல அனுப்பினாரே, வழுக்கையப் பத்தி. அத ஒரே ஒரு தடவ போடறியா?"

"அது அழிஞ்சுபோச்சுக்கா" என்றேன்.

"சரி, போகட்டும்" என்றாள்.

எதுவும் அழியவில்லை. வீடியோ வேலையில் மூலப் பிரதியை மட்டும் அழிக்கவே கூடாது, இதை உங்கள் குழந்தையின் வீடியோக்களுக்கும் நினைவில் வையுங்கள். அவர் அழுதது, வெள்ளையடித்த அறை, அக்காவின் சிரிப்புகள், எல்லாவற்றையும் தேதி போட்டு இரண்டு இடத்தில் பத்திரமாக வைத்திருக்கிறேன். மதியங்களில் சில சமயம் போட்டுப் பார்ப்பதும் உண்டு. அந்த மூலப் பிரதிகளைப் பார்க்கிற யாருக்கும் அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் எவ்வளவு விரும்பினார்கள் என்பதில் சந்தேகமே வராது. அக்கா எப்போது கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுவேன். ஆனால் அன்றைக்குப் பிறகு அவள் கேட்கவில்லை. உண்மையிலேயே வேண்டுமென்றால் இரண்டாம் தடவை கேட்டிருப்பாள், இல்லையா?